அம்மாவின் ஆபா எண் யாருடைய செல்போனில் இருக்கிறது?

அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பணியாற்றும் 41 வயது ஆசிரியை ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உண்டு. இரண்டரை ஆண்டுகளுக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஒன்பது ஆண்டுகளில் நான்கு மருத்துவமனைகள் ஏறி இறங்கியாயிற்று. அத்தனை தாள்களும் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றில் இருக்கின்றன. “ஒருநாள் பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். பழைய ஈசிஜி தாள்களில் ஒரு கோடுகூட இல்லை. வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டன” என்று எழுதியிருக்கிறார். முதல் மருத்துவமனையில் சல்பா மாத்திரை ஒவ்வாமல் உடம்பெல்லாம் தடித்துப்போனதாக டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருந்தும், மூன்றாவது மருத்துவமனையில் அதே வகை மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள். நல்லவேளையாக உயிருக்கு ஆபத்து வரவில்லை.

சென்ற மாதம் புதிய மருத்துவமனை ஒன்றுக்குப் போனபோது, பதிவு கவுண்ட்டரில் இருந்த பெண் அம்மாவின் ஆதார் எண்ணைக் கேட்டிருக்கிறார். “ஆபா எண் இல்லாமல் டோக்கன் போட முடியாது” என்றாராம். (ஆபா என்பது ஒருவருடைய மருத்துவப் பதிவேடுகளைக் கோப்பதற்காக மத்திய அரசின் திட்டம் தரும் 14 இலக்க எண்.) அம்மாவின் ஆதாரோடு இணைந்திருப்பது வெளியூரில் வேலை பார்க்கும் தம்பியின் செல்போன் எண். தம்பியைக் கூப்பிட்டு ஓ.டி.பி. கேட்டு, வரிசையில் நின்றபடியே சத்தமாகச் சொல்லி, எண் உருவாகிவிட்டது. பிறகு தனக்கும் ஒரு பரிசோதனைக்காகப் பதிந்தபோது, “உங்களுக்கு ஏற்கெனவே எண் இருக்கிறதே” என்றிருக்கிறார்கள். அதில் இணைந்திருந்தது கணவரின் செல்போன் எண்.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, தாய்வீட்டில் இருந்த காலத்தில், மனச்சோர்வுக்காக எட்டு மாதம் சிகிச்சை எடுத்திருக்கிறார். பதினொரு ஆண்டுகளுக்கு முந்தைய விஷயம். கணவருக்கோ மாமியார் வீட்டுக்கோ அது தெரியாது. இனி அது கணவரின் செல்போனில் வந்து நிற்குமா? எல்லா விவரமும் டெல்லியில் ஒரே கணினிக்குப் போய்விடுகிறதாமே? குடும்பத்துக்கு எடுக்கவிருக்கும் மருத்துவக் காப்பீட்டை நிறுவனம் மறுத்துவிடுமா? “திடீரென்று கொண்டுவந்த இந்தத் திட்டத்திலிருந்து எங்கள் இருவர் எண்ணையும் அழித்துவிடலாமா?” என்று கேட்கிறார். ஸ்டென்ட் வைத்த மருத்துவமனை, “எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, நகல் எதற்கு?” என்று பதிவேட்டைத் தர மறுக்கிறது என்பது கடிதத்தின் கடைசி வரி.

அன்புச் சகோதரிக்கு,

அந்த வெள்ளைத் தாள்களிலிருந்தே தொடங்குகிறேன். ஈசிஜி பெரும்பாலும் சூட்டில் கறுக்கும் தாளில் அச்சாகிறது. வெளிச்சமும் வெப்பமும் படப்படக் கோடுகள் மங்கி மறைந்துவிடும். மருத்துவப் பதிவேடுகள் தொடர்பான வழக்குகளை நடத்துகிறவர்களுக்கு இந்த வெள்ளைத் தாள் பழகிய துயரம். வழக்கையே தாங்கி நிற்க வேண்டிய சான்று, மேசையில் பிரித்தால் வெறும் தாளாக இருக்கும். மீதமிருக்கும் ஈசிஜிகளை இந்த வாரமே நகலெடுத்துவிடுங்கள்.

அதைவிட என்னை உலுக்கியது சல்பா மாத்திரை. ஓர் இடத்தில் எழுதிவைத்த எச்சரிக்கை இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. மருத்துவர் கவனக்குறைவானவர் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். கட்டைப்பைக்குள் நாற்பதாவது தாளாக இருந்ததை அவர் எப்படிப் பார்த்திருப்பார்? இந்த ஓட்டையை அடைப்பதுதான் நீங்கள் பயப்படுகிற திட்டத்தின் நோக்கம். அது திடீரென்று முளைத்ததும் அல்ல. டிஜிட்டல் சுகாதாரத்துக்குத் தனி அமைப்பு வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையே சொன்னது. 2018இல் நிதி ஆயோக் ஒரு வரைவுத் திட்டத்தை வெளியிட்டது. 2019இல் தேசிய டிஜிட்டல் சுகாதாரத்துக்கான முன்வரைவு வந்தது. 2020 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவித்தார். முதலில் ஆறு யூனியன் பிரதேசங்களில் நடந்த வெள்ளோட்டத்தில் நம் பக்கத்துப் புதுச்சேரியும் இருந்தது. 2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் என்ற பெயரில் நாடு முழுவதற்கும் விரிந்தது. அடுத்த ஆண்டு மத்திய அமைச்சரவை ஐந்தாண்டுகளுக்கு 1,600 கோடி ரூபாய் ஒதுக்கியது. தேசிய சுகாதார ஆணையம் இதை நடத்துகிறது.

இதில் யாரும் பேசாத, ஆனால் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற வேலை ஒன்று இருக்கிறது. ஓர் ஆய்வகம் ‘சீரம் கிரியாட்டினின்’ என்று அச்சடிக்கும், இன்னொன்று ‘எஸ். கிரியாட்’ என்று சுருக்கும். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. எல்லா மருத்துவமனையும் ஒரே பொருளை ஒரே குறியீட்டால் சொல்ல வேண்டும் என்பதற்காக 2013இல் மின்னணு மருத்துவப் பதிவேட்டுக்கான தரநிலைகளை மத்திய அரசு வெளியிட்டு, 2016இல் திருத்தியது. நோய்களைச் சொல்ல ஸ்னோமெட் சிடி, பரிசோதனைகளைச் சொல்ல லாயின்க் என்பதெல்லாம் அங்கிருந்து வருபவை. இது ஒழுங்காக நடந்தால் ‘சல்பா ஒவ்வாமை’ என்ற சொல் நான்காவது மருத்துவமனையின் திரையில் சிவப்பாக எரியும். நடக்காவிட்டால் நம்மிடம் இருப்பது 14 இலக்க எண் மட்டும்தான். எழுபது கோடிக்கும் அதிகமான ஆபா எண்கள் உருவாகிவிட்டன. ஆனால் தெருமுனைக் கிளினிக்கில் இன்றும் கையெழுத்துச் சீட்டுதான். திட்டம் சரியான திசையில் போகிறது, இன்னும் பாதி வழியில் இருக்கிறது என்பதே என் கணிப்பு.

கட்டாயம் இல்லை

கவுண்ட்டரில் உங்களுக்குச் சொன்னது தவறு. இயக்கத்தில் சேர்வது அவரவர் விருப்பம் என்று 2020 டிசம்பரில் வெளியான சுகாதாரத் தரவு மேலாண்மைக் கொள்கை சொல்கிறது. எண் இல்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. எண் வேண்டும் என்று நீங்களே விரும்பினாலும் ஆதார் ஒன்றே வழியல்ல, ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டும் பெறலாம்.

பிறகு ஏன் அந்தப் பெண் அப்படிச் சொன்னார்? ஆபா எண்ணோடு இணைத்துச் செய்யப்படும் பதிவுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து மருத்துவமனைகளுக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கும் ஊக்கத்தொகை தரும் திட்டம் 2023 ஜனவரியில் தொடங்கப்பட்டது. கணினிமயமாக்கும் செலவை ஈடுகட்ட உதவி செய்வதில் தவறில்லை. ஆனால் மேலே ஊக்கத்தொகையாக இருப்பது கீழே கவுண்ட்டருக்கு வரும்போது, ‘இன்று இத்தனை எண் போட்டாக வேண்டும்’ என்று மாறிவிடும் ஆபத்து இருக்கிறது. ‘விருப்பம்’ என்ற சொல் அந்த இரண்டு அடி மேசையைத் தாண்டுவதற்குள் தொலைந்துபோகிறது. இந்தத் தேசியத் திட்டத்தில் உடனே சரிசெய்ய வேண்டிய இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அடுத்த முறை சண்டை போட வேண்டாம். “எண் இப்போது வேண்டாம், பழைய முறையில் பதிந்துகொள்ளுங்கள்” என்று சொல்லுங்கள். மறுத்தால், மறுப்பதை எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பெரும்பாலான கவுண்ட்டர்களில் டோக்கன் வந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் இயக்கத்தின் 14477 என்ற இலவச எண்ணில் புகார் செய்யலாம்.

அக்கம்பக்கத்தில் இன்னொரு குழப்பமும் உலவுகிறது. ‘ஆபா எடுத்தால் ஐந்து லட்சம் கிடைக்கும்’ என்பார்கள். கிடைக்காது. ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருவது ஆயுஷ்மான் காப்பீட்டு அட்டை. தமிழ்நாட்டில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு சேர்ந்து இயங்குகிறது, அதற்கு வருமான வரம்பு உண்டு. ஆபா என்பது பதிவேடுகளைக் கோக்கும் எண் மட்டுமே.

டெல்லியில் ஒரே பெட்டகமா?

உங்கள் கடிதத்தில் அதிகம் நடுங்குவது இந்த இடத்தில்தான். அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் பாதியாகும்.

மருத்துவமனையில் உருவாகும் பதிவேடு அந்த மருத்துவமனையின் கணினியிலேயே இருக்கும். ‘இன்னாருடைய பதிவு இன்ன இடத்தில் இருக்கிறது’ என்ற இணைப்பு மட்டும் ஆபா எண்ணோடு சேரும். வேறொரு மருத்துவர் பார்க்க விரும்பினால் அவர் கோரிக்கை அனுப்ப வேண்டும். அது உங்கள் செல்போனில் உள்ள ஆபா செயலிக்கு வரும். யார் கேட்கிறார், எதற்காக, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வகைப் பதிவு, எத்தனை நாள் பார்க்கலாம் என்று அதில் இருக்கும். மருந்துச் சீட்டு, பரிசோதனை அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி விவரம் என்று வகைகள் பிரிந்திருக்கும். கண் மருத்துவருக்கு ஆய்வக அறிக்கை மட்டும் போதும் என்றால் மற்றவற்றின் குறியை எடுத்துவிட்டு ஒப்புதல் தரலாம். முழுவதையும் மறுக்கலாம். தந்த ஒப்புதலைப் பிறகு திரும்பப் பெறலாம். ஆனால் அதற்குள் பார்த்துவிட்டதை அவர் மனதிலிருந்து எடுக்க முடியாது. ஆகவே முதல் முறை கொடுக்கும்போதே நிதானம் வேண்டும். எல்லாக் கட்டங்களும் டிக் செய்யப்பட்டு, தேதி நீளமாக விரிந்திருக்கும் கோரிக்கையைப் பார்த்ததும் விரல் தானாகப் பச்சைப் பொத்தானுக்குப் போகும். அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள்.

ஒரே பெட்டகம் இல்லை என்பதால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கின. பல நாட்கள் பதிவு, பரிசோதனை எல்லாவற்றையும் கையால் எழுதிச் சமாளித்தார்கள். நாட்டின் முதன்மை மருத்துவமனைக்கே இந்த நிலை என்றால், பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டிவைத்திருக்கும் சிறிய நர்சிங் ஹோமை நினைத்துப் பாருங்கள். ஆனால் அந்தக் கணினியில் உங்கள் பதிவு இருப்பதற்கு ஆபா காரணமல்ல. எண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அங்கே இருக்கும்.

சட்டப் பாதுகாப்பு எப்படி? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. சுகாதாரத் தகவலுக்கென்றே ‘திஷா’ என்ற சட்ட வரைவு 2018இல் வந்தது. அது சட்டமாகவே இல்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது. வந்திருப்பது எல்லாத் துறைக்கும் பொதுவான டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், திருத்தவும், அழிக்கக் கோரவும், ஒப்புதலை அதைத் தந்த அளவுக்கே எளிதாகத் திரும்பப் பெறவும் அது உரிமை தருகிறது. மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில் ஒப்புதல் இல்லாமலும் தகவலைப் பயன்படுத்தலாம் என்ற விலக்கு அதில் உண்டு, அரசுக்கும் சில விலக்குகள் உண்டு. அதுவரை நாம் வெறுங்கையோடு நிற்கவில்லை. மருத்துவ வரலாறும் உடல், மன நலம் பற்றிய தகவலும் நுண்ணுணர்வுத் தகவல் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011ஆம் ஆண்டு விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன.

பதினொரு ஆண்டுக்கு முந்தைய சிகிச்சை

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. நேரடியாகச் சொல்கிறேன்: அந்தச் சிகிச்சை தானாகக் கணவரின் செல்போனுக்கு வந்துவிடாது.

நீங்கள் சிகிச்சை பெற்ற காலத்தில் இந்த இயக்கமே இல்லை. அன்று மருத்துவர் தாளில் எழுதியதை இன்று யாராவது கணினியில் ஏற்றி, அது உங்களுடையதுதான் என்று உங்கள் எண்ணோடு இணைத்தால்தான் அது தெரியும். புறநோயாளியாக எட்டு மாதம் போய்வந்த குறிப்பு இன்னும் அங்கே இருப்பதற்கான வாய்ப்பே குறைவு. இருந்தாலும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அதற்கு மேல் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது. மனநலச் சிகிச்சை பற்றிய தகவலை இரகசியமாக வைத்திருப்பது சிகிச்சை தருகிறவரின் சட்டக் கடமை என்று அதன் 23ஆவது பிரிவு சொல்கிறது.

இறந்தகாலம் பற்றி நிம்மதியாக இருங்கள். கவனம் வேண்டியது இனிமேல் வருவதற்கு. உங்கள் எண் எப்படி உருவாகியிருக்கும் என்று ஊகிக்கிறேன். 2021இல் கொரோனா தடுப்பூசிக்குக் குடும்பம் முழுவதையும் ஒரே செல்போன் எண்ணில் பதிந்தோம். பெரும்பாலான வீடுகளில் அது கணவரின் எண். ஆதாரைக் காட்டி ஊசி போட்டுக்கொண்ட பலருக்கு அவர்கள் அறியாமலேயே 14 இலக்க எண் உருவாகியிருந்தது. சான்றிதழில் அந்த எண் அச்சாகியிருந்ததைப் பார்த்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. கேட்காமல் கொடுத்த எண்ணை விருப்பத்தின் பேரில் பெற்றது என்று சொல்ல முடியாது என்பது அன்றும் இன்றும் என் கருத்து. உங்கள் பழைய சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.

எப்படி உருவாகியிருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எண்ணோடு இணைந்த செல்போனை உங்களுடையதாக மாற்றுங்கள். ஆபா தளத்தில் உங்கள் கணக்குக்குள் சென்று மாற்றலாம். ஆதாரிலேயே கணவரின் எண் இருந்தால் முதலில் ஆதார் சேவை மையத்துக்குப் போய் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். அதுவரை ஓ.டி.பி. அவர் செல்போனுக்குத்தான் போகும். இந்த ஒப்புதல் அமைப்பு எவ்வளவு நுட்பமாகக் கட்டப்பட்டிருந்தாலும், கடைசியில் ஓ.டி.பி. யாருடைய கைக்கு வருகிறதோ அவரே ஒப்புதல் தருகிறார். நம் நாட்டில் எத்தனை பெண்களின் ஓ.டி.பி. கணவர் கைக்கோ மகன் கைக்கோ போகிறது என்பதைத் திட்டம் தீட்டியவர்கள் இன்னும் அழுத்தமாக யோசித்திருக்க வேண்டும்.

கணவரிடம் சொல்வதா வேண்டாமா என்பதில் நான் தலையிட மாட்டேன். சொல்லியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு பல தாய்மார்களுக்கு வருவது. நீங்கள் போய்ச் சிகிச்சை எடுத்து எழுந்து வந்திருக்கிறீர்கள். கடிதத்தில் அதைக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்போல எழுதியிருப்பது என்னைச் சங்கடப்படுத்தியது.

காப்பீட்டுப் படிவம்

“மன நோய் பற்றி எழுதாதீர்கள், ஆபா எண்ணையும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்” என்று ஏஜென்ட் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த ஆலோசனையின் இரு பாதியும் தவறு.

காப்பீட்டு நிறுவனம் ஆபா எண்ணை வைத்து நேராக உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. மருத்துவரைப் போலவே அதுவும் ஒப்புதல் கேட்க வேண்டும். ஆனால் படிவத்தில் கேட்டதை மறைப்பது வேறு விஷயம். காப்பீடு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம். மறைத்தது பின்னால் தெரிந்தால், அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நாளில் கோரிக்கையை நிராகரிப்பார்கள். அப்படி நிராகரிக்கப்பட்ட கடிதத்தோடு வருகிறவர்களுக்குச் செய்ய முடிவது மிகக் குறைவு.

உண்மையைச் சொல்வதால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இழப்பும் இல்லை. 2024இல் வந்த ஒழுங்குமுறைகளின்படி, பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் கண்டறியப்பட்ட அல்லது சிகிச்சை பெற்ற நோயே ‘முன்பே இருந்த நோய்’. உங்கள் பழைய மனச்சோர்வு அந்த வரையறைக்குள் வராது. படிவம் ‘எப்போதாவது’ என்று கேட்டால் ஆண்டைக் குறித்து உண்மையை எழுதிவிடுங்கள். அம்மாவின் சர்க்கரையும் இதயமும் வரையறைக்குள் வரும், அவற்றுக்கான காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. இடைவெளியின்றி 60 மாதம் பாலிசியைத் தொடர்ந்துவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டாலொழிய பழையதைக் கிளறி மறுக்க முடியாது. உடல் நோய்க்கு இருப்பதைப் போலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டத்தின் 21ஆவது பிரிவு சொல்வதையும் அந்த ஏஜென்டிடம் சொல்லுங்கள்.

அழித்துவிடலாமா?

முடியும். கணக்கைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கவும், ஒரேயடியாக நீக்கவும் வழி இருக்கிறது. எண்ணை நீக்கினாலும் மருத்துவமனைகளில் இருக்கும் பதிவேடு நீங்காது, கோத்த நூல் மட்டும் அறும். உங்கள் எண்ணைப் பொறுத்தவரை, செல்போனை மாற்றியும் மனம் ஆறவில்லை என்றால் நிறுத்தி வையுங்கள். நீங்கள் இழப்பது பெரிதாக ஒன்றும் இல்லை.

அம்மாவின் எண்ணை அழிக்காதீர்கள் என்பேன். மூன்று நோய், நான்கு மருத்துவமனை, ஒவ்வாமை ஒன்று என்று இருக்கும் முதியவருக்குத்தான் இந்தக் கோக்கும் நூல் அதிகம் பயன்படும். ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் நீங்களும் அல்ல, நானும் அல்ல. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அம்மாவின் சர்க்கரை அளவு இருக்கிறது, ஸ்டென்ட் இருக்கிறது, தம்பியின் எண் இருக்கிறது. அம்மா என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. அவர் தெளிவாக இருக்கிறார், தினமும் நாளிதழ் படிக்கிறார் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஒப்புதல் என்று சட்டம் சொல்வது அவருடைய ஒப்புதலைத்தான். ஒரு மாலை உட்கார்ந்து, இது என்ன எண், யார் எதைப் பார்க்கலாம் என்று அவருக்குச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

வேண்டும் என்றால், சாதாரணப் பொத்தான் செல்போன் ஒன்றும் அவர் பெயரில் ஒரு சிம்மும் வாங்கிக் கொடுத்து, ஆதாரில் அந்த எண்ணை ஏற்றுங்கள். ஓ.டி.பி. வருவதற்கு அது போதும். தம்பி நல்லவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அம்மாவுக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையும் வேலை நேரத்தில் அவர் கைக்குப் போவதும், அவர் படிக்காமல் அழுத்துவதும், வரிசையில் பத்துப் பேர் கேட்க எண்ணை ஒப்பிப்பதும் ஒப்புதல் ஆகாது. இதோடு, செயலியை நம்பி விட்டுவிடாமல் ஒரு அட்டையில் ‘சல்பா மருந்து ஒவ்வாது’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதி, தற்போதைய மாத்திரைகளின் பெயரையும் குறித்து அம்மாவின் பர்ஸில் வையுங்கள். இணையம் இல்லாத நேரத்திலும் அது வேலை செய்யும்.

முதலில் செய்ய வேண்டியது

கடைசியாகச் சொன்னாலும், நாளைக்கே செய்ய வேண்டியது இது. “கம்ப்யூட்டரில் இருக்கிறது” என்பது பதிவேட்டைத் தர மறுப்பதற்கான காரணம் ஆகாது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை ஒழுங்குமுறைகள் இன்றும் செல்லும். 2023இல் வந்த புதிய ஒழுங்குமுறைகள் அதே மாதத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டுவிட்டன. நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை அளித்து 72 மணி நேரத்துக்குள் பதிவேட்டைத் தர வேண்டும் என்பது அதன் விதி. உள்நோயாளியின் பதிவேட்டைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு காக்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்து இரண்டரை ஆண்டு ஆகிவிட்டது என்கிறீர்கள். ஆறு மாதம்தான் மீதி இருக்கிறது, வாய்தா போடாதீர்கள்.

அம்மாவின் கையெழுத்தோடு, ஒரு வெள்ளைத் தாளில் இப்படி எழுதினால் போதும்:

“மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு. நான் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை தங்கள் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தேன். என் உள்நோயாளி எண் இது. என் சிகிச்சைக் குறிப்புகள், ஆஞ்சியோகிராம் குறுந்தகடு, பொருத்தப்பட்ட ஸ்டென்ட்டின் விவர ஸ்டிக்கர், பரிசோதனை அறிக்கைகள், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றின் நகல்களை 72 மணி நேரத்துக்குள் தரக் கோருகிறேன். நகலெடுக்கும் நியாயமான கட்டணத்தைச் செலுத்துகிறேன். என் சார்பில் பெற்றுக்கொள்ள என் மகளுக்கு அதிகாரம் அளிக்கிறேன்.”

இரண்டு பிரதி எடுத்துச் செல்லுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அங்கே வாதாடாமல், நேராக அஞ்சலகம் போய், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள். 72 மணி நேரம் கடந்தும் வரவில்லை என்றால் அந்தப் பிரதியை வைத்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். பணம் கட்டிச் சிகிச்சை பெற்றதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். முதல் மருத்துவமனை அரசு மருத்துவமனை என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அம்மா பெயரில் மனுப் போடுங்கள். சல்பா ஒவ்வாமை எழுதிய அந்தத் தாளின் மூலப் பிரதி அங்கேதான் இருக்கும்.